டாஸில் வன்பொருளுக்கு நினைவகம் ஒதுக்குதல்: எந்த வழியை எடுப்பது?

பரந்தன் சந்தியிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் அரிசி ஆலையில் பழைய கணினி ஒன்று இன்னும் டாஸ் என்ற பழைய பணிசெயல் முறைமையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பென்டியம் செயலி, 32 மெகாபைட் நினைவகம், உள்ளே கமராவிலிருந்து படம் வாங்கும் ஒரு பிசிஐ (கணினியின் விரிவாக்கத் தடம்) அட்டை. தீட்டிய புழுங்கலரிசி சரிந்து இறங்கும் தகட்டைக் கமரா மேலிருந்து பார்க்கிறது. கல் எத்தனை, கறுத்த மணி எத்தனை, குறுணல் எவ்வளவு என்று செய்நிரல் எண்ணி, தராசு அனுப்பும் நிறையோடு சேர்த்து நாள்தோறும் ஒரு கோப்பில் எழுதுகிறது. காலபோக நெல் வந்து குவியும் மாசி, பங்குனியில் அது ஒரு நாள் நின்றாலும் மூட்டைகள் வாசலில் தேங்கிவிடும்.

கடந்த காலபோகத்தில் அந்தக் கோப்புகள் பழுதாகத் தொடங்கின. கிளிநொச்சியில் மின்னியல் திருத்த வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டார்கள். நிறைகள் இருக்க வேண்டிய இடத்தில் 90, 91, 91, 93, 92 என்று நெருக்கமான எண்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. இரண்டு நாள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது: அவை சாம்பல் நிறத்தின் அளவுகள். நிறைக் கோப்புக்குள் அரிசியின் படம் விழுந்திருந்தது.

முதலில் அந்தச் செய்நிரலை எழுதியவர், எவரிடமும் கேட்காமல், 8 மெகாபைட் முகவரியிலிருந்து படத்தைக் கொட்டும்படி அட்டைக்குச் சொல்லியிருந்தார். அவர் காலத்தில் அங்கே வேறு யாரும் இல்லை; பல ஆண்டுகள் பிசகில்லாமல் ஓடியது. பின்னர் யாரோ வேகத்துக்காக ஸ்மார்ட்டிரைவ் என்ற வட்டுப் பதுக்கு நினைவகத்தை (வட்டுக்குப் போகும், வரும் தரவைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைத்திருப்பது) 8 மெகாபைட் அளவில் சேர்த்திருக்கிறார்கள். அது முறைப்படி கேட்டே இடம் வாங்கியது. கிடைத்த இடம் 1 மெகாபைட்டுக்குச் சற்று மேலே தொடங்கி 9 மெகாபைட்டைத் தாண்டியது. அட்டை கொட்டிய படம் அதன் வால்பகுதியில் விழ, ஸ்மார்ட்டிரைவ் அதையே கோப்பின் உள்ளடக்கம் என்று நம்பி வட்டில் எழுதிவிட்டது.

குடியேற்றத் திட்டங்களால் உருவான ஊர் எங்களுடையது. ஆளில்லாக் காடு என்று ஒருவர் வெட்டி வேலி போட்ட துண்டுக்கு, பின்னர் இன்னொருவர் அனுமதிப்பத்திரத்தோடு வந்து நிற்பதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். 8 மெகாபைட்டில் நடந்ததும் அதுதான்.

புதிய கணினி வாங்கிவிடலாமே என்று பலர் கேட்டார்கள். அந்த அட்டைக்கு டாஸ் தவிர வேறு பணிசெயல் முறைமைக்கான டிரைவர் இல்லை. கமராவும் அட்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டவை. எண்ணும் முறையை ஆலைக்காரர் நம்பிப் பழகிவிட்டார். ஆகவே செய்நிரலின் நினைவகப் பகுதியை மட்டும் புதிதாக எழுதுவது என்று முடிவானது. எந்த வழியில் எழுதுவது என்று தேர்வதற்குத்தான் எழுதியதைவிட அதிக நாள் பிடித்தது. அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகள் சிலர் அதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்கும், இப்படியான இயந்திரங்களை இன்னும் உயிரோடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அட்டைக்கு என்ன தேவை

தேவைகள் இரண்டு, இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர்.

முதலாவது, அட்டை படத்தை எழுதுவதற்கான பஃபர், அதாவது தற்காலிகத் தேக்கம். இது சாதாரண நினைவகத்தில் இருக்கும் இடம். ஒரு படம் 768 க்கு 576 படப்புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட்: 442,368 பைட், அதாவது சரியாக 432 கிலோபைட். செக்கனுக்கு 25 படங்கள். ஒரு படத்தை எண்ணும்போது அடுத்தது வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால் நான்கு படங்களுக்கு இடம் வைத்தேன்: 1728 கிலோபைட். அட்டை பஸ் மாஸ்டராகத் தானே நினைவகத்தில் எழுதுகிறது. செயலி நடுவில் நிற்பதில்லை. ஆகவே அதற்குச் செக்மன்ட் (டாஸ் நிரல்கள் முகவரியைப் பிரித்துச் சொல்லும் முறை) தெரியாது, பக்க அட்டவணை (நிரல் காணும் முகவரியை உண்மையான முகவரியாக மாற்றும் பட்டியல்) தெரியாது. தெரிந்தது பௌதிக முகவரி, அதாவது நினைவகத்தின் உண்மையான முகவரி ஒன்றுதான். இந்த அட்டை தொடக்க முகவரி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போகும் வகை. எனவே பஃபர் முழுவதும் பௌதிகமாகவே ஒரே தொடராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அட்டையின் சொந்தப் பதிவகங்கள். தொடங்கு, நிறுத்து, எத்தனையாவது படம் என்ற கட்டளைகளும் நிலைகளும் அங்கே இருக்கின்றன. கணினி தொடங்கும்போது பயோஸ் (கணினியோடு வரும் அடிப்படை நிரல்) அவற்றுக்கு முகவரி கொடுத்து, அட்டையின் அமைவுப் பகுதியில் எழுதிவைக்கும். அந்த முகவரி நினைவகச் சில்லுகள் முடியும் இடத்துக்கு வெகு மேலே, பெரும்பாலும் 4 கிகாபைட்டின் உச்சியை ஒட்டி இருக்கும். அதை ஒதுக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே அட்டையுடையது. நமக்கு வேண்டியது அங்கே எட்டிப் பார்க்க ஒரு சாளரம் மட்டும்.

முதல் தேவைக்கு வேண்டியது ஒதுக்கீடு. இரண்டாவதற்கு வேண்டியது வரைபடமிடல். ஒன்றுக்கு நன்றாகப் பொருந்தும் வழி மற்றதற்கு உதவாமல் போகலாம்.

வழமை நினைவகத்திலேயே வைத்துவிட்டால்?

640 கிலோபைட்டுக்குள் இருக்கும் இடத்தை டாஸிடமே கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் எளிது. பௌதிக முகவரி கண்டுபிடிக்கச் செக்மன்ட்டைப் பதினாறால் பெருக்கினால் போதும். ஐஎஸ்ஏ (பிசிஐக்கு முந்திய தடம்) ஒலி அட்டை போன்றவற்றுக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்வேன். அவை பயன்படுத்தும், செயலி நடுவில் நிற்காமல் தரவை நினைவகத்துக்குக் கொண்டுபோகும் டிஎம்ஏ கட்டுப்படுத்தி 16 மெகாபைட்டுக்கு மேலே எட்டாது. 8 பிட் தடங்களில் 64 கிலோபைட் எல்லையைத் தாண்டியும் எழுதாது. தேவையைப் போல இருமடங்கு கேட்டு வாங்கி, எல்லை குறுக்கிடாத பாதியை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

ஆலையின் கணக்கு இதில் அடங்காது. ஒரு படமே 432 கிலோபைட். டாஸும் செய்நிரலும் அமர்ந்த பின் இரண்டாவது படத்துக்கு இடமே இல்லை.

பயோஸிடம் நேரே கேட்பது

ஏடி வகைக் கணினிகளின் காலத்திலிருந்தே பயோஸில் இன்டரப்ட் 15 என்ற சேவை அழைப்பு இருக்கிறது (இந்தக் கட்டுரையில் இன்டரப்ட் எண்களும் செயல் எண்களும் பதினறும எண்களே). செயல் 88, ஒரு மெகாபைட்டுக்கு மேலே எத்தனை கிலோபைட் உண்டு என்று சொல்லும். செயல் 87, ஒரு தொகுதியை அங்கும் இங்குமாகப் படியெடுக்கும். ஆனால் இரண்டிலும் ஒதுக்கீடு என்ற எண்ணமே இல்லை. 88 சொல்வது அளவை மட்டும். உரிமையாளர் யார் என்பதை அது அறியாது.

அதனால் அந்நாளில் ஒரு வழக்கம் உருவானது. இன்டரப்ட் 15 ஐ இடைமறித்து, இனிமேல் கேட்பவர்களுக்கு உச்சியில் நமக்கு வேண்டிய அளவைக் கழித்துச் சொல்வது. கழித்த பகுதி நம்முடையது. இது நேர்மையான ஏற்பாடுதான்; பின்னால் வருபவர்கள் எல்லாரும் 88 ஐக் கேட்கும் வரை நிற்கும். ஆனால் ஹைமெம் என்ற நினைவக மேலாளர் ஏற்றப்பட்டதும் எஞ்சியதையெல்லாம் அது எடுத்துக்கொண்டு, 88 ஐக் கேட்பவர்களுக்குச் சுழியம் என்று சொல்லிவிடும். எனவே நமது துண்டு ஹைமெமுக்கு முன்னரே, ஒரு டிரைவராக ஏற வேண்டும். புதிய நினைவக மேலாளர்களோ ஈ820 என்ற வேறு செயலைக் கேட்கின்றன. 88 ஐ மட்டும் மாற்றிச் சொல்லி அவற்றை விலக்கிவைக்க முடியாது.

படியெடுக்கும் செயல் 87 இன் குறை வேறு. ஒரு தடவைக்கு 64 கிலோபைட்தான். ஒரு படத்துக்கு ஏழு அழைப்புகள், செக்கனுக்கு 25 படங்கள். அதைவிட மோசம், படியெடுத்து முடியும் வரை வன்பொருள் அனுப்பும் இன்டரப்ட் அழைப்புகள் அடைபட்டிருக்கலாம். 9600 வேகத்தில் தராசு பேசும்போது ஒரு மில்லி செக்கனுக்கு ஓர் எழுத்து வருகிறது. பழைய சீரியல் போர்ட் சில்லில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். 16550 வகையில் பதினாறுக்கு உண்டு. நிறையில் ஓர் இலக்கம் விழுந்துபோவதை எந்த ஆலைக்காரரும் பொறுக்க மாட்டார். இந்த வழியை நான் அதிக நேரம் எடைபோடவில்லை.

எக்ஸ்எம்எஸ்

ஒரு மெகாபைட்டுக்கு மேலான நினைவகத்தைக் கேட்டு வாங்குவதற்கான விதிமுறை எக்ஸ்எம்எஸ்; ஹைமெம் அதைச் செயல்படுத்தும் மேலாளர். 1988 இல் வந்த எக்ஸ்எம்எஸ் 2.0 இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு கொண்டுவந்தது. அதன் விவரக்குறிப்பை நான் முதலில் படித்தது 1990களில், குப்பி விளக்கு வெளிச்சத்தில். வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலமும் தடைப் பட்டியலில் இருந்தன. ஜெனரேற்றர் ஓடும் ஒரு மணி நேரத்துக்குள் 486 கணினியில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு அழைப்பையும் முதலே தாளில் எழுதி, பதிவகம் பதிவகமாகச் சரிபார்த்துக்கொண்டு போவோம். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, எக்ஸ்எம்எஸ் எனக்கு இன்றும் மனதுக்கு நெருக்கமானது. சின்னது, சொன்னதைச் செய்கிறது.

இன்டரப்ட் 2எஃப் வழியாக மேலாளர் இருக்கிறாரா என்று கேட்டு, அதன் நுழைவு முகவரியை வாங்க வேண்டும். செயல் 09 இல் எத்தனை கிலோபைட் வேண்டும் என்று சொன்னால் ஒரு கைப்பிடி எண் வரும். இதுதான் அனுமதிப்பத்திரம். இடம் எங்கே என்று அது சொல்லாது. உங்களுக்கென்று ஓர் இடம் உண்டு என்று மட்டும் சொல்லும். மேலாளர் நினைத்தால் அந்தத் தொகுதியை வேறிடத்துக்கு நகர்த்தவும் விவரக்குறிப்பு இடம் கொடுக்கிறது. செயல் 0சி ஆல் பூட்டினால்தான் நகராது. அப்போது 32 பிட் முகவரி ஒன்று கிடைக்கும். பூட்டிய தொகுதியை விடுவிக்கவும் முடியாது. முதலில் 0டி ஆல் பூட்டைத் திறக்க வேண்டும். ஹைமெம் மட்டும் இருக்கும் கணினியில் அந்த 32 பிட் முகவரியே பௌதிக முகவரியும் ஆகும். தொகுதி ஒரே தொடர். அட்டைக்கு அப்படியே கொடுக்கலாம்.

முதல் தேவைக்கு இதைவிடச் சிறந்த வழி டாஸில் இல்லை என்பது என் முடிவு. நான் 1728 கேட்காமல் 1732 கிலோபைட் கேட்டேன். அட்டை 4 கிலோபைட் எல்லையில் தொடங்கும் முகவரியை எதிர்பார்க்கிறது; எக்ஸ்எம்எஸ் அதை உறுதி செய்வதில்லை; கூடுதல் நான்கு கிலோபைட் இருந்தால் மேலே நகர்த்திச் சீராக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது தேவையில் எக்ஸ்எம்எஸ் கைவிரித்துவிடும். அதன் படியெடுக்கும் செயல் 0பி கைப்பிடிகளோடும் வழமை நினைவகத்தோடும் மட்டுமே பேசும். 4 கிகாபைட்டின் உச்சியில் இருக்கும் அட்டைப் பதிவகத்துக்குக் கைப்பிடி ஏது? பஃபருக்குள் வந்து விழுந்த படத்தைப் பார்ப்பதற்கும், ரியல் மோடில் (டாஸ் வழமையாக ஓடும், ஏறத்தாழ ஒரு மெகாபைட்டுக்குள் மட்டும் எட்டும் செயலி நிலை) இருந்தால், துண்டு துண்டாகக் கீழே படியெடுக்க வேண்டும். அந்த இடத்தை நேரே பார்க்க வேறு கண் தேவை. அதற்கான இரண்டு வழிகளுக்கிடையேதான் உண்மையான போட்டி.

அன்ரியல் மோடா, டிபிஎம்ஐயா

அன்ரியல் மோட் பலருக்குப் பிடித்த வழி. 386 இலிருந்து எல்லாச் செயலிகளிலும் செய்யலாம். முழு நினைவகத்தையும் எட்டும் செயலி நிலையான புரொடெக்டட் மோடுக்குள் ஒரு கணம் போய், 4 கிகாபைட் எல்லை கொண்ட விவரியை (எதுவரை எட்டலாம் என்று செயலிக்குச் சொல்லும் பதிவு) ஒரு செக்மன்ட் பதிவகத்தில் ஏற்றிவிட்டு, மீண்டும் ரியல் மோடுக்கு வந்துவிட வேண்டும். செயலி அந்த எல்லையை உள்ளுக்குள் மறக்காமல் வைத்திருக்கும். அதன்பின் 32 பிட் முகவரியால் எங்கும் எட்டலாம்: எக்ஸ்எம்எஸ் பூட்டித் தந்த பஃபர், அட்டையின் பதிவகம், எல்லாமே. ஒரு மெகாபைட்டுக்கு மேலே எட்டத் தேவையான ஏ20 என்ற முகவரித் தடத்தை மட்டும் எக்ஸ்எம்எஸ்ஸின் செயல் 05 ஆல் திறந்துவைக்க வேண்டும். டாஸ் அழைப்புகளும் பயோஸ் அழைப்புகளும் வழக்கம்போல நடக்கும். இன்டரப்ட் தாமதமும் மிகக் குறைவு.

முதல் வாரம் இதைத்தான் எழுதினேன். ஓடியது. ஆனாலும் கைவிட்டேன்.

அந்த 4 கிகாபைட் எல்லை எங்கும் எழுதிவைக்கப்பட்டதல்ல. செயலியின் உள்நினைவு மட்டுமே. வேறு ஏதாவது புரொடெக்டட் மோடுக்குப் போய்த் திரும்பும்போது அதே செக்மன்ட் பதிவகத்துக்கு 64 கிலோபைட் எல்லையை ஏற்றிவிட்டால், நம் சாளரம் சொல்லாமல் மூடிக்கொள்ளும். பயோஸின் செயல் 87 அப்படிச் செய்யக்கூடியது. அடுத்த எட்டலில் பாதுகாப்புப் பிழை எழும். ரியல் மோடில் அது இன்டரப்ட் 0டி. அதே எண்தான் வன்பொருள் செயலியைக் கூப்பிடும் தடங்களில் ஒன்றான ஐஆர்க்யூ 5 க்கும். அந்தக் கணினியில் ஐஆர்க்யூ 5 இல் வேறொரு அட்டை இருந்தது. பிழையையும் அட்டையின் அழைப்பையும் பிரித்தறிந்து எல்லையைத் திருப்பி ஏற்றும் கையாளுநர் எழுதலாம், எழுதியும் பார்த்தேன். ஆனால் நான் இல்லாத நாளில், சிறுபோக நெல் வந்து நிற்கும்போது, அதை யார் திறந்து பார்த்து விளங்கிக்கொள்வது?

இன்னொன்று, ஈஎம்எம்386 என்ற இன்னொரு நினைவக மேலாளர் ஏறியிருந்தால் கணினி வீ86 மோடில், அதாவது புரொடெக்டட் மோடுக்குள் ரியல் மோட் போலப் பாவனை செய்யும் நிலையில், இருக்கும். அங்கே இந்த வழி நடக்காது. யாரோ ஒரு நாள் அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் செய்நிரல் நின்றுவிடும். அதோடு 16 பிட் தொகுப்பிகளுக்கு 32 பிட் எட்டல் தெரியாது என்பதால், படத்தைத் தொடும் ஒவ்வோர் இடமும் அசெம்பிளியில் எழுத வேண்டியிருந்தது. படப்புள்ளிகளை எண்ணும் பகுதியைச் சி மொழியில் வைத்திருக்கவே எனக்கு விருப்பம்; அதை ஆலைக்காரரின் மகன் படித்து விளங்கிக்கொள்கிறான்.

சிறிய செய்நிரல், ஒரேயொரு வேலை, வேறெதுவும் ஏறாத கணினி, எழுதியவரே பராமரிப்பவர் என்றால் அன்ரியல் மோட் நல்ல தேர்வு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

டாஸ் நிரல்களைப் புரொடெக்டட் மோடில் ஓடவைக்கும் விதிமுறையான டிபிஎம்ஐ 1990 இல் 0.9 பதிப்பாக வந்தது. செய்நிரல் முழுவதும் புரொடெக்டட் மோடில் 32 பிட்டாக ஓடும். டாஸ் அழைப்பு தேவைப்படும்போது ஹோஸ்ட் (அந்த விதிமுறையைச் செயல்படுத்தும் நிரல்) கீழே இறங்கிச் செய்துவிட்டு வரும். டிஜேஜிபிபி தொகுப்பியும் சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ ஹோஸ்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. தவறான சுட்டியைத் தொட்டால் எங்கே தவறியது என்று சொல்லி நிற்கும். அன்ரியல் மோடில் அது சத்தமில்லாமல் யாருடைய இடத்திலோ எழுதிவிட்டுப் போகும்.

இரண்டாவது தேவை இதில் ஒரே அழைப்பில் தீர்ந்தது. இன்டரப்ட் 31 இன் செயல் 0800 க்குப் பௌதிக முகவரியையும் நீளத்தையும் கொடுத்தால், அதை எட்டுவதற்கான நேர்கோட்டு முகவரி (பக்க அட்டவணை வழியாகப் போகும், நிரல் காணும் முகவரி) ஒன்று வரும். அட்டையின் பதிவகங்கள் கைக்கெட்டிவிட்டன. இந்த அழைப்பு ஒரு மெகாபைட்டுக்கு மேலே உள்ள முகவரிகளுக்கு மட்டுமே.

முதல் தேவையில்தான் எல்லாரும் வழுக்கும் இடம் இருக்கிறது, நானும் வழுக்கினேன். டிபிஎம்ஐயிலும் நினைவகம் ஒதுக்கும் செயல் உண்டு, 0501. பூட்டும் செயலும் உண்டு, 0600. எக்ஸ்எம்எஸ்ஸில் ஒதுக்கிப் பூட்டியது போலவே இங்கும் ஒதுக்கிப் பூட்டினேன்; வந்த முகவரியை அட்டைக்குக் கொடுத்தேன். படம் வரவேயில்லை.

ஒரே சொல், இரண்டு பொருள். எக்ஸ்எம்எஸ்ஸின் பூட்டு என்றால், தொகுதி நகராது, அது இருக்கும் முகவரி இதோ. டிபிஎம்ஐயின் பூட்டு என்றால், இந்தப் பக்கங்களை வட்டுக்கு மாற்ற மாட்டேன், அவ்வளவுதான். அவை பௌதிகமாக எங்கே இருக்கின்றன என்று அது சொல்வதில்லை. 0501 தரும் முகவரி நேர்கோட்டு முகவரி. அதன் பின்னால் பக்க அட்டவணை இருக்கிறது. ஒரு படத்தின் 432 கிலோபைட்டுக்கு நாலு நாலு கிலோபைட்டாக 108 பக்கங்கள், ஒவ்வொன்றும் எங்கு வேண்டுமானாலும் கிடக்கலாம். செயலிக்கு அவை அடுத்தடுத்துத் தெரியும். அட்டவணை தெரியாத அட்டைக்கு அந்த முகவரியில் வேறு எதுவோ இருக்கும், அல்லது எதுவுமே இராது. இதில் ஆபத்தான விடயம், சோதனை நாளில் பக்கங்கள் தற்செயலாக அடுத்தடுத்து அமைந்துவிடக்கூடும் என்பது. அப்போது எல்லாம் சரியாக நடக்கும். எல்லாரும் கைகுலுக்கிப் போவார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு செய்நிரல் சேரும்போது ஒழுங்கு மாறும். எனக்கு முதல் நாளே படம் வராமல் போனதை நல்வாய்ப்பு என்றுதான் நினைக்கிறேன்.

தேர்ந்தது

ஆகவே ஒதுக்குவதை எக்ஸ்எம்எஸ்ஸிடமும், எட்டுவதை டிபிஎம்ஐயிடமும் கொடுத்தேன். எக்ஸ்எம்எஸ்ஸில் 1732 கிலோபைட் வாங்கிப் பூட்டினால் தொடர்ச்சியான பௌதிக முகவரி கிடைக்கும். அந்த முகவரி அட்டைக்குப் போகும். அதே முகவரியை 0800 க்கும் கொடுத்தால் சி மொழி நிரல் படத்தை நேரே பார்க்கும். படியெடுத்தல் எங்கும் இல்லை. அட்டை எழுதும் இடமும் நிரல் வாசிக்கும் இடமும் ஒன்றே. சுட்டியை மாறக்கூடியது என்று தொகுப்பிக்கு அறிவிக்க மறக்கக் கூடாது. இல்லையெனில் அது பழைய மதிப்பையே கையில் வைத்துக்கொண்டு புதிய படத்தைப் பார்க்காமல் விட்டுவிடும்.

எக்ஸ்எம்எஸ்ஸை எப்போது கேட்பது என்பதில் ஒரு கிளைத்தேர்வு வந்தது. டிபிஎம்ஐ நிரலுக்குள்ளிருந்தே, இன்டரப்ட் 31 இன் 0301 வழியாக ரியல் மோட் நுழைவை அழைத்துக் கேட்கலாம். ஒரே நிரலாக முடிந்துவிடும். ஆனால் ஹோஸ்டும் தனக்குத் தேவையான நினைவகத்தை எக்ஸ்எம்எஸ்ஸிலிருந்துதான் எடுக்கிறது. தொடங்கும்போதே எஞ்சியிருக்கும் மிகப்பெரிய துண்டைத் தனக்கென எடுத்துவிட்டால், நாம் கேட்கும்போது மிச்சமிருக்காது. முந்திக் கேட்பவருக்குத்தான் இடம்.

எனவே ரியல் மோடில் ஒரு சிறிய தொடக்கி நிரல் எழுதினேன். ஹோஸ்ட் ஏறுவதற்கு முன் அதுவே எக்ஸ்எம்எஸ்ஸில் இடம் வாங்கிப் பூட்டுகிறது. கிடைத்த முகவரியைக் கட்டளை வரியில் வைத்துப் பெரிய நிரலை அழைக்கிறது. அது முடியும் வரை காத்திருக்கிறது. முதலில் இதை ஒரு சுற்றுவழி என்றுதான் நினைத்தேன். பின்னர்தான் இதன் பெரிய பயன் தெரிந்தது.

டாஸ் தன்னிடம் வாங்கிய வழமை நினைவகத்தை, நிரல் முடிந்ததும் தானே திருப்பி எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எம்எஸ் அப்படியல்ல. கைப்பிடி யாருடையது என்று அது கணக்கு வைப்பதில்லை. நிரல் விழுந்து நின்றால் 1732 கிலோபைட்டும் கைப்பிடியும் கணினியை மறுபடி தொடக்கும் வரை வீண். ஹைமெம் வழமையாகத் தரும் கைப்பிடிகள் 32 மட்டுமே. அதைவிட முக்கியம் அட்டை. நிரல் இறந்தது அதற்குத் தெரியாது. கடைசியாகச் சொன்ன முகவரியில் செக்கனுக்கு 25 படங்களை எழுதிக்கொண்டேயிருக்கும். அந்த இடத்தை விடுவித்து, ஸ்மார்ட்டிரைவோ வேறெதுவோ அங்கே வந்து அமர்ந்தால், நான் எந்தப் பழுதைத் திருத்தப் போனேனோ அதே பழுது முறைப்படி கேட்டு வாங்கிய இடத்திலேயே மறுபடி நிகழும்.

தொடக்கி இருப்பதால் இதைத் தடுக்க முடிகிறது. பெரிய நிரல் ஒழுங்காக முடிந்தாலும் பிழையில் விழுந்தாலும் கட்டுப்பாடு தொடக்கியிடம் திரும்புகிறது. அது முதலில் இடத்தைத் தொடுவதில்லை. பிசிஐ பயோஸ் வழியாக அட்டையின் கட்டளைப் பதிவகத்தில் பஸ் மாஸ்டர் பிட்டை, அதாவது சுழியத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது பிட்டை, அழிக்கிறது. அதன் பின் அட்டையால் நினைவகத்தில் எழுத முடியாது. அப்புறம்தான் பூட்டைத் திறந்து தொகுதியை விடுவிக்கிறது. இந்த ஒழுங்கு தலைகீழானால் செய்த எல்லா வேலையும் வீண்.

ஈஎம்எம்386 அல்லது அது போன்ற ஒன்றை வைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். எக்ஸ்எம்எஸ் விவரக்குறிப்பு பூட்டும்போது தருவதாகச் சொல்வது நேர்கோட்டு முகவரியைத்தான். பௌதிக முகவரியை அல்ல. பக்க அட்டவணை இயங்கும் கணினியில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எவரும் உறுதி தரவில்லை. அங்கே இன்டரப்ட் 4பி இல் இருக்கும் விடிஎஸ் சேவையிடம் கேட்க வேண்டும். அது ஒரு பகுதியைப் பூட்டி அதன் பௌதிக முகவரியைச் சொல்லும், தொடர்ச்சியாக இல்லையென்றால் மறுத்துவிடும். இலவச டாஸான ஃப்ரீடாஸோடு வரும், ஈஎம்எம்386 போன்ற ஜெம்386 லும் இந்தச் சேவை உண்டு. ஆலைக் கணினியில் எனக்கு அது தேவைப்படவில்லை. ஈஎம்எம்386 இன் வரியை அமைவுக் கோப்பில் சேர்க்க வேண்டாம் என்று அதே கோப்பில் தமிழ் ஒலிப்பில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்மார்ட்டிரைவை எடுக்கவில்லை. அது தன் 8 மெகாபைட்டில் இருக்கிறது. அட்டையின் பஃபர் அதற்கு மேலே தன் இடத்தில் இருக்கிறது. கையளிப்பதற்கு முன், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பெரிய நிரலை வேண்டுமென்று பிழையில் விழவைத்து, தொடக்கியையும் நிரலையும் உடனே மறுபடி ஓட்டி, அன்றைய நிறைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இருபது தடவை அப்படிச் செய்தேன். இருபது தடவையும் கோப்பில் நிறைகள் மட்டுமே இருந்தன. ஆலைக்காரரின் மகன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் எண்ணினான். இருபத்தோராவதைத் தானே செய்து பார்க்கட்டுமா என்று கேட்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.